எண் வருகிறது, பெயர் வரவில்லை

கருங்குழியில் 1990களில் அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையையோ கடை பில்லையோ எடுத்துப் பார்த்தால், தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 04115 என்று இருக்கும். அது மதுராந்தகம் வட்டாரத்தின் எஸ்.டி.டி. குறியீடு. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் 04114, காஞ்சிபுரத்துக்கு 04112. 2000களில் இவை சென்னையின் 044-க்குள் அடங்கிப் போயின. ஆனாலும் பழைய குறியீடு முழுசாக அழிந்துவிடவில்லை. மாமல்லபுரத்துத் தரைவழி எண்கள் இன்று 2744 என்று தொடங்குகின்றன. அந்த 274-இல் இருக்கும் 4, பழைய 04114-இன் கடைசி 4-தான். மேல்மருவத்தூர், மதுராந்தகம் பக்கத்து எண்கள் 275 என்றும், காஞ்சிபுரத்து எண்கள் 272 என்றும் தொடங்குவது அதே கணக்கில். முன்னால் நின்று ஊரைச் சொன்ன இலக்கம், எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு பழைய ஸ்மார்ட்போனின் பெயர்ப் பட்டியலும் இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான். டைரியிலிருந்து நோக்கியாவுக்கு, நோக்கியாவிலிருந்து சிம்முக்கு, சிம்மிலிருந்து முதல் ஆண்ட்ராய்டு போனுக்கு என்று எண்கள் வருஷக்கணக்கில் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வழியில் யாரும் அவற்றைத் திருத்தவில்லை. எனவே ஒரே பட்டியலில் ஊர்க் குறியீடே இல்லாத எட்டு இலக்க எண் இருக்கும். 0-வில் தொடங்கும் செல் எண், 91 என்று தொடங்குவது, +91 என்று தொடங்குவது, 9544 என்று தொடங்குவது எல்லாம் கலந்து கிடக்கும். இந்த 9544 இன்றைய இளைஞர்களுக்குப் புதிராகத் தோன்றலாம். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஊர்களை 0-வுக்குப் பதிலாக 95 போட்டுக் குறைந்த கட்டணத்தில் அழைக்கும் ஏற்பாடு 2000களில் இருந்தது. ஏற்பாடு போய்விட்டது. எண் மட்டும் போனில் தங்கிவிட்டது.

“நம்பர் வருதுண்ணே, பேரு வரமாட்டேங்குது.” “டயல் பண்ணா உடனே கட்டாவுது.” மொபைல் கடைக்குப் பழைய போனோடு வருபவர்களின் புகார் பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கிவிடும். கடையில் அடிக்கடி கிடைக்கும் பதிலும் தெரிந்ததுதான்: “சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்.” இந்தப் புகார்களில் பாதிக்கு மேல் அதனால் சரியாகாது. சாஃப்ட்வேர் போட்ட பிறகு பட்டியல் பழையபடியே திரும்பி வந்தால் கோளாறும் கூடவே வரும். காப்புப் படி எடுக்காமல் போட்டால் பட்டியலே போய்விடும். பழுது பார்க்க வேண்டியது பெரும்பாலும் எண்கள் எழுதப்பட்ட விதத்தை.

சிம் அட்டைக்குள் ஓர் எண் எப்படிப் பதிவாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். எண்ணுக்கென்று அங்கே பத்து பைட் இடம். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், ஆக 20 இலக்கம் கொள்ளும். ஒவ்வொரு ஜோடியும் இடம் மாறி நிற்கும்: 98 என்பது 89 ஆகவும், 40 என்பது 04 ஆகவும் இருக்கும். இலக்கங்களுக்கு முன்னால், இது எந்த வகை எண் என்று சொல்வதற்காகவே ஒரு பைட் தனியாக உண்டு. நாம் சாதாரணமாக அழுத்தும் எண் என்றால் அதில் பதினாறடிமான முறையில் 81 என்றிருக்கும். நாட்டுக் குறியீட்டோடு கூடிய சர்வதேச எண் என்றால் 91. திரையில் கூட்டல் குறியாகத் தெரிவது இந்த வகை பைட்தான். + என்ற எழுத்து எண்ணுக்கான இடத்தில் இருப்பதே இல்லை. இந்தியாவின் நாட்டுக் குறியீடும் 91 என்பது வெறும் தற்செயல். ஆக, +91 98 என்று தொடங்கும் ஓர் எண் சிம்முக்குள் 91, 19, 89 என்று தொடங்கும். முதலில் வரும் 91 கூட்டல் குறி. அடுத்து வரும் 19, இலக்கம் இடம் மாறிய இந்தியா.

இப்போது சிம்மைப் படிக்கும் ஏதோ ஒரு செயலி அந்த வகை பைட்டைக் கவனிக்காமல் இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கூட்டல் குறி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 9198 என்று தொடங்கும் 12 இலக்கம். முன்னால் இருக்கும் 91 நாட்டுக் குறியீடா, செல் எண்ணின் தொடக்கமா என்பதை அந்த இரண்டு இலக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. 9176 என்று தொடங்கும் சென்னை செல் எண்கள் உண்டு. ‘எல்லா எண்ணிலும் முன்னால் இருக்கும் 91-ஐ எடுத்துவிடு’ என்று மொத்தமாகக் கட்டளை கொடுத்தால் அந்த எண்கள் எட்டு இலக்கமாகக் குறைபட்டுப் போகும். மொத்த இலக்கம் 12 தானா என்று எண்ணிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

044-இலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. முன்னால் உள்ள 0-வை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போட வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாமல்லபுரத்து எண்ணை +44 2744 என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. +44 பிரிட்டனின் நாட்டுக் குறியீடு. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய அழைப்பை போன் அப்போது வெளிநாட்டு அழைப்பாகப் புரிந்துகொள்ளும், ஐ.எஸ்.டி. வசதி இல்லாத இணைப்பில் உடனே துண்டாகும். சரியான வடிவம் +91 44 2744. இடையில் 0 வரக் கூடாது. லெட்டர்பேடுகளில் +91 என்று போட்டுவிட்டு அடைப்புக் குறிக்குள் 0 அச்சடிக்கும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்து அப்படியே போனில் ஏற்றினால் அந்த எண்ணும் வேலை செய்யாது.

பெயருக்கு வருவோம். பெயருக்காகச் சிம்மில் ஒதுக்கும் இடம் சிம்முக்குச் சிம் மாறும். 14 பைட் ஒதுக்கிய சிம்கள் சாதாரணம். ஆங்கில எழுத்தில் எழுதினால் 14 எழுத்து கிடைக்கும். தமிழில் எழுதினால் முதல் பைட் ‘இது யூனிகோட்’ என்ற அறிவிப்புக்குப் போய்விடும். பல போன்கள் அதன்பின் ஒவ்வொரு குறியையும் இரண்டு பைட்டாக எழுதும். ஆக, ஆறு குறிக்குத்தான் இடம். ‘கருங்குழி’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது க, ர, உகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி, ழ, இகரக் குறி என்று ஒன்பது. ஆறோடு வெட்டினால் மிஞ்சுவது ‘கருங்க’. ‘கருங்குழி மாமா’ என்று ஆசையாகப் பதிந்த பெயர் சிம்முக்குள் போய்த் திரும்பி வரும்போது மாமாவைத் தொலைத்துவிட்டு வருவது இதனால்தான்.

வேறொரு கோலத்திலும் தமிழ்ப் பெயர் சிதைந்து வரும். பட்டியலை விகார்டு கோப்பாக வெளியே எடுக்கும் பழைய போன்கள், தமிழ் எழுத்துகளைச் சமக் குறியும் பதினாறடிமான எண்ணுமாக மாற்றி எழுதும். ‘க’ என்ற ஓரெழுத்து, ஈ-சுழியம், ஏ-ஈ, 95 என்ற மூன்று துண்டாகும். வாங்கிக்கொள்ளும் போன் அதை மறுபடி தமிழாக்கத் தெரியாததாக இருந்தால் ஊரார் பெயரெல்லாம் ஒரே மாதிரியான குறிகளின் வரிசையாக நிற்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் எதுவும் அழியவில்லை. அதே கோப்பைக் கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸில் ஏற்றினால் பெரும்பாலும் தமிழ் திரும்பி வந்துவிடும். அதனால் அந்தக் கோப்பை அவசரப்பட்டு நீக்காமல் வைத்திருப்பது நல்லது.

அழைப்பு வரும்போது பெயர் எப்படித் தெரிகிறது என்பது அடுத்த விஷயம். வலையமைப்பு வழக்கமாகப் போனுக்கு அனுப்புவது எண்ணை மட்டும்தான். அந்த எண் ஒருநாள் 044 என்று வரலாம், இன்னொரு நாள் +9144 என்று வரலாம். எந்த நிறுவனத்தின் வழியாக அழைப்பு கடந்து வருகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். பட்டியலில் இருப்பதோ 2744 என்று தொடங்கும் எட்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆள் என்று போன் முடிவு செய்தாக வேண்டும். எழுத்துக்கு எழுத்து சரியாக ஒத்துப் போக வேண்டும் என்று போன் பிடிவாதம் பிடித்தால் பெயர் வராது. அதனால் பழைய போன்கள் வலப்பக்கத்திலிருந்து ஒப்பிடும். நோக்கியாவின் சிம்பியன் போன்கள் கடைசி ஏழு இலக்கத்தைப் பார்த்தன. ஆண்ட்ராய்டின் பழைய ஒப்பீட்டு விதியிலும் குறைந்தபட்ச அளவு ஏழுதான். ஆனால் ஏழுக்கு மேல் மிஞ்சும் முன்பகுதி 0-வா, நாட்டுக் குறியீடா என்றும் அது சோதித்தது.

வட அமெரிக்காவில் ஊர்க் குறியீடு நீங்கலாக எண் ஏழு இலக்கம். அங்கே ஏழு போதும். இந்தியாவில் செல் எண் பத்து இலக்கம். முதல் மூன்று இலக்கம் வேறு, பின் ஏழும் ஒன்றே என்று இரண்டு பேருக்கு எண் அமைய இங்கே இடமிருக்கிறது. கடைசி ஏழை மட்டும் பார்க்கும் போனில் அப்படிப்பட்ட அந்நியர் அழைத்தால் நம் உறவினர் பெயர் தெரியும். இன்னொரு சிக்கல் அதைவிடப் பரவலானது: ஒரே எண் சிம்மிலும் போனிலும் இரண்டு பெயரில் பதிந்திருந்தால், யாரைக் காட்டுவது என்று தெரியாமல் சில நோக்கியாக்கள் வெறும் எண்ணையே காட்டின. இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, இரட்டைப் பதிவை நீக்கினாலே போதும்.

போன் தயாரான நாளில் இருந்த விதிகள் அதற்குள் உறைந்து நிற்பதும் ஒரு காரணம். எந்த நாட்டு எண் எத்தனை இலக்கம், எதில் தொடங்கும், எங்கே இடைவெளி விட்டுக் காட்ட வேண்டும் என்ற தகவலை ஆண்ட்ராய்டு 4.0 முதல் கூகுளின் லிப்போன்நம்பர் என்ற திறந்த மூல நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நூலகம் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. அப்டேட் நின்றுபோன போனுக்குள் இருக்கும் பிரதி அப்படியே கிடக்கிறது. இந்தியாவில் செல் எண்கள் முதலில் 9-இல் மட்டும் தொடங்கின. பிறகு 8, 7 வந்தன. 2016 இறுதியில் 6-இல் தொடங்கும் தொடரைத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கத் தொடங்கியது. அதை முதலில் பெற்ற தொலைத்தொடர்பு வட்டங்களுள் தமிழ்நாடும் உண்டு. 2013-இல் வாங்கி அப்டேட் நின்ற ஒரு போனுக்கு, 6-இல் தொடங்கும் எண் ஒரு செல் எண் என்பதே தெரியாது. இடைவெளியைச் சரியான இடத்தில் விடாமல் காட்டலாம். அந்த நூலகத்தை நம்பும் செயலிகளில் பெயர் பொருந்தாமலும் போகலாம். வங்கி அழைப்புகளுக்கென்று ஒதுக்கிய 1600 தொடருக்கும் இதே நிலைதான்.

எண்ணுக்குக் கீழே நிறுவனத்தின் பெயரையும் காட்டும் செயலிகள் இன்னும் பின்தங்கியவை. 9840 என்றால் சென்னையில் முதலில் ஸ்கைசெல், 9841 என்றால் ஆர்.பி.ஜி.; 9444 பி.எஸ்.என்.எல். சென்னை, 9443 பி.எஸ்.என்.எல். தமிழ்நாடு. 2011 ஜனவரி 20 அன்று எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்ததும் இந்தக் கணக்கு கலைந்துவிட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, 2018-இல் மூடிய ஏர்செல்லின் பெயரை இன்றும் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அந்த வரியை நம்ப வேண்டியதில்லை.

டயல் செய்யும் விதிகளும் மாறிக்கொண்டே வந்தவை. செல்போன் உரிமம் கொடுத்த தொடக்க காலத்தில் சென்னை ஒரு வட்டம், தமிழ்நாடு வேறொரு வட்டம். சென்னை வட்டத்தின் எல்லையை வரையறுத்த வாசகத்தில் மகாபலிபுரம் எக்ஸ்சேஞ்ச் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. கருங்குழி தமிழ்நாட்டு வட்டத்தில் இருந்தது. வேறு வட்டத்துச் செல்லுக்கு முன்னால் 0 சேர்க்கும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். பிறகு 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தச் செல்லை அழைத்தாலும் 0 கட்டாயம் என்றானது. செல்லிலிருந்து செல்லுக்கு அது தேவையில்லை. இனியும் மாறலாம்: தரைவழியிலிருந்து தரைவழிக்குப் பேசினாலும், உள்ளூராகவே இருந்தாலும், 0-வும் ஊர்க் குறியீடும் சேர்த்தே அழுத்த வேண்டும் என்ற முறைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் பரிந்துரை கொடுத்திருக்கிறது.

இத்தனை மாற்றத்துக்கும் அசையாத வடிவம் ஒன்றே ஒன்று: கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு முன்னால் 0 இல்லாத முழு எண். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.164 என்ற நெறி இதைத்தான் வகுத்திருக்கிறது. கூட்டல் குறி நீங்கலாக அதிகபட்சம் 15 இலக்கம். போன் திரையில் 0-வை அழுத்திப் பிடித்தால் + வரும். 0 சேர்த்துப் பதிந்த செல் எண் கருங்குழியிலிருந்து தடையில்லாமல் போகும். அதே பட்டியலோடு சிங்கப்பூருக்குப் போன பிள்ளை அம்மாவை அழைத்தால் போகாது. +91 என்று இருந்தால் இரண்டு இடத்திலிருந்தும் போகும். எந்த நாட்டில் 00, எந்த நாட்டில் 011 என்ற கவலையைக் கூட்டல் குறியைப் பார்த்து வலையமைப்பே எடுத்துக்கொள்ளும். 108, 112, 1930 போன்ற குறு எண்களுக்கும் 1800 இலவச எண்களுக்கும் மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது.

நூற்றுக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகப் போனில் திருத்துவது பெரும்பாடு. கூகுள் கணக்கோடு பட்டியலை இணைத்துவிட்டுக் கணினியில் திருத்துவது எளிது. இரட்டைப் பதிவுகளை அதுவே கண்டுபிடித்து ஒன்றாக்கித் தரும், தவறு நேர்ந்தால் 30 நாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி உண்டு. எக்செல்லில் திறந்து திருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்செல்லுக்குத் தொலைபேசி எண்ணும் ஒரு கணக்கு எண்தான். முன்னால் உள்ள 0-வை மதிப்பில்லாதது என்று தள்ளிவிடும். 12 இலக்க எண்ணை 9.2, ஈ, கூட்டல் 11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்து மறுபடி போனில் ஏற்றினால் பட்டியல் முழுக்க நாசம். அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவம் என்று மாற்றிக்கொண்டு, அதன் பிறகு கோப்பை உள்ளே எடுக்க வேண்டும்.

எண் சரியாக இருந்தும் அழைப்பு போகவில்லை என்றால் அப்போது போனைச் சந்தேகிக்கலாம். அமைப்புகளில் எஃப்.டி.என். என்ற ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் சிம்மில் தனியாகக் குறித்த எண்களுக்கு மட்டுமே அழைப்பு போகும். எப்போதோ இயக்கிவிட்டு மறந்துபோன போன்களும் உண்டு. டயல் திரையில் 3, 6, 9 மூன்றும் எடுக்கவில்லை, மற்றதெல்லாம் எடுக்கிறது என்றால் எண்ணில் பிழையில்லை. தொடுதிரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்ணிய மின்கோடுகளில் அந்தப் பக்கத்துக் கோடு செத்துவிட்டது. போனைக் கிடையாகத் திருப்பிப் பார்க்கலாம். எண்பலகை திரையோடு சேர்ந்து திரும்பும் போன் என்றால் இலக்கங்கள் வேறிடத்துக்கு நகர்ந்து, அவசரத்துக்கு ஓர் அழைப்பு போட முடியும். நிரந்தரத் தீர்வுக்குக் கடைக்காரர் ‘காம்போ’ என்று சொல்லும் டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த பாகத்தை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, வலையமைப்பே போனைத் தாண்டிப் போய்விடுவது. ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது. அங்கே குரல் போவது 4ஜி வழியாக, வோல்ட்டியாக. 4ஜி இருந்தும் வோல்ட்டி இல்லாத 2014, 2015 காலத்துப் போன்களில் அந்தச் சிம்மைப் போட்டால் இணையம் வரும், சாதாரணமாக டயல் செய்தால் போகாது. 2ஜி வைத்திருக்கும் நிறுவனங்களின் சிம் என்றால் பேசும் நேரத்துக்குப் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசும். பேச்சின்போது இணையம் நின்றுபோவதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம். பழைய போனை வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கும் முன் எந்தச் சிம் அதற்குப் பொருந்தும் என்று போட்டுப் பார்த்துவிடுவது அவசியம்.

அழைப்பவரின் பெயரை வலையமைப்பே அனுப்பும் ஏற்பாட்டுக்கு டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரை செய்தது. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர், அழைக்கப்படுபவரின் திரையில் தெரியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 2ஜியில் அதற்கு வழியில்லை என்பதால் 4ஜி முதலான இணைப்புகளோடு தொடங்குகிறது. மோசடி அழைப்புகளுக்கு எளிதில் ஆட்படும் முதியவர்களில் பலர் வைத்திருப்பது 2ஜி போன். அவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டுமானால் அவர்களுடைய சொந்தப் பட்டியலிலிருந்துதான் தெரிய வேண்டும். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் அந்தப் போனை வாங்கி உட்கார்ந்து, முதலில் பிள்ளைகள், பிறகு டாக்டர், பால்காரர், பக்கத்து வீட்டார் என்ற வரிசையில் ஒவ்வோர் எண்ணையும் +91 சேர்த்துப் பதிந்து, இரட்டைப் பதிவை நீக்கி, தமிழ்ப் பெயர்களைச் சிம்முக்குப் பதில் போன் நினைவகத்தில் வைத்து, கடைசியாக ஒவ்வொருவரையும் ஒருமுறை திரும்ப அழைக்கச் சொல்லிப் பெயர் வருகிறதா என்று பார்த்துத் தர வேண்டும்.